சிறகு முளைத்த குதிரையும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

 

மார்க்கப் பற்றுள்ள இளம் தாய்மார்களிடமிருந்து அண்மைக் காலமாக அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. முயல் பேசுகிறது, நிலா மரத்தில் இறங்கி உட்காருகிறது என்றெல்லாம் எழுதியுள்ள படக்கதைப் புத்தகத்தைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவது பொய் சொல்வதாகாதா என்பதே அது. கேட்பவர்களில் பலர் நிஸ்வான் மதரஸாவில் ஓதி முடித்தவர்கள்; நாவைப் பேணுவதன் கனத்தை அறிந்தவர்கள். இக்கேள்வியைக் கேட்டுச் சிரிப்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். இது சிரிப்பதற்குரிய கேள்வி அன்று. தன் பிள்ளையின் காதில் விழும் முதற்சொற்கள் எவையாக இருக்க வேண்டும் என்று ஒரு தாய் அஞ்சுகிறாள் என்றால், அந்த அச்சத்திற்கு மதிப்பளித்தே விடை தேட வேண்டும்.

அந்த அச்சத்திற்கு ஆதாரமும் இருக்கிறது. அப்துல்லாஹ் பின் ஆமிர் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது, அவருடைய தாயார் "வா, உனக்கு ஒன்று தருகிறேன்" என்ற பொருளில் அவரை அழைத்தார். அப்போது அவ்வீட்டில் அமர்ந்திருந்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள், என்ன கொடுக்க எண்ணினீர் என்று வினவினார்கள். பேரீச்சம்பழம் என்றார் அத்தாய். எதுவும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது உம்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். அபூதாவூதில் இடம்பெறும் செய்தி இது. பிள்ளைகளிடம் சொல்லும் சொல் காற்றில் போகும் சொல் என்று நினைப்போருக்கு இதைவிடக் கூர்மையான எச்சரிக்கை வேறென்ன வேண்டும்? "சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி பிடித்துக்கொண்டு போவான்" என்று சோறூட்டும் வேளைதோறும் மிரட்டுகிறோமே, அது இந்த எச்சரிக்கையின் கீழ் வரும். ஊசி போடும் டாக்டரிடம் அழைத்துச் செல்லும்போது "கடைக்குப் போகிறோம்" என்கிறோமே, அதுவும் வரும். முயல் கதை வருமா?

இவற்றிற்கிடையேயுள்ள வேறுபாட்டை உற்று நோக்க வேண்டும். பூச்சாண்டி என்று சொல்லும்போது பிள்ளை அதை மெய்யென நம்ப வேண்டும் என்பதே நம் நோக்கம், நம்பினால்தான் பயப்படும். முயல் கதையில் அத்தகைய நோக்கமே இல்லை. முயல் பேசாது என்பது வாசிப்பவருக்கும் தெரியும். நான்கு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துகொண்டே இருவரும் சேர்ந்து சிறிது நேரம் பேசுவதாக வைத்துக்கொள்கிறார்கள். ஏமாற்றுபவரும் இல்லை, ஏமாறுபவரும் இல்லை. மண்ணைக் குழைத்துச் சோறென்று நம் முன் வைக்கும் பிள்ளையை யாரும் பொய்யன் என்று அதட்டுவதில்லை. நாமும் ஒரு கவளம் எடுத்து வாயருகே கொண்டுபோய் "ருசியாக இருக்கிறது" என்கிறோம்.

இவ்விடத்தில்தான் எனக்கு அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் குதிரை நினைவுக்கு வருகிறது. தபூக்கிலிருந்தோ கைபரிலிருந்தோ நபி (ஸல்) அவர்கள் திரும்பி வந்த சமயம். காற்று வீசி, அன்னையாரின் மாடத்தை மறைத்திருந்த திரையின் ஓரம் விலகுகிறது. உள்ளே விளையாட்டுப் பொம்மைகள். அவற்றின் நடுவே துணித் துண்டுகளால் ஆன இரு சிறகுகளுடன் ஒரு குதிரை. இவை என்ன என்று கேட்கிறார்கள் நபியவர்கள். என் பொம்மைகள் என்று பதில் வருகிறது. நடுவில் இருப்பது என்ன? குதிரை. அதன்மேல் இருப்பது? சிறகுகள். குதிரைக்குச் சிறகா என்று வியப்போடு கேட்கிறார்கள். சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்தனவென்று தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று திருப்பிக் கேட்கிறார் அன்னை. கடைவாய்ப் பற்கள் தெரியும் அளவிற்கு நபியவர்கள் சிரித்தார்கள் என்று அந்த அறிவிப்பு முடிகிறது. இதுவும் அபூதாவூதில் உள்ளதே.

பொம்மை வைத்திருக்கலாமா என்ற சட்ட விவாதத்திற்கு மட்டுமே இந்த நபிமொழியை எடுத்துப் பழகிவிட்டோம். அதில் நடந்த உரையாடலைச் சற்று நின்று கவனிப்பதில்லை. நீண்ட பயணத்தின் களைப்போடு வீடு திரும்பியவர், இறைச்செய்தியைச் சுமந்தவர், ஒரு துணிக்குதிரையைப் பற்றி அடுக்கடுக்காகக் கேள்வி கேட்கிறார்கள். குதிரைக்குச் சிறகில்லை என்பது அரபுகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதன்று. ஆயினும் அதைச் சொல்லித் திருத்தவில்லை. வியந்தார்கள், பதிலைக் கேட்டார்கள், மனம் திறந்து சிரித்தார்கள். ஒரு படப்புத்தகத்தைப் பிள்ளையோடு சேர்ந்து பார்ப்பது எப்படி என்று யாரேனும் என்னிடம் கேட்டால், இதைத்தான் சொல்வேன்: படத்தைச் சுட்டிக் கேளுங்கள், பிள்ளையின் விளக்கத்தைக் கேளுங்கள், சிரியுங்கள்.

அபூ உமைர் என்னும் சிறுவரின் செய்தியும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. அனஸ் (ரலி) அவர்களின் தம்பியான அவர் நுஃகைர் என்ற சிறு பறவையை வளர்த்தார். அது இறந்துபோனபின் அந்தப் பறவை என்னவாயிற்று என்று நபியவர்கள் அவரிடம் விசாரித்தார்கள். உமைர், நுஃகைர் என்று ஓசை இயைந்து வரும்படி அந்தக் கேள்வியே ஒரு சிறு பாட்டைப் போல அமைந்திருக்கிறது. வருந்தியிருக்கும் பிள்ளையிடம் ஓசை நயத்தோடு பேசுவதும் சுன்னத்தின் அழகில் ஒரு பகுதி என்று நான் கருதுகிறேன்.

நம் முன்னோர் கற்பனைக் கதையைக் கண்டு அஞ்சியவர்களும் அல்லர். எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ பாரசீகத்தின் பழைய வடிவமான பஹ்லவி மொழியிலிருந்து அரபுக்குக் கொண்டுவந்த 'கலீலா வ திம்னா' முழுக்க முழுக்கப் பேசும் விலங்குகளின் நூல். நம் நாட்டுப் பஞ்சதந்திரமே அதன் மூலம். பின் வந்த நூற்றாண்டுகளில் முஸ்லிம் ஓவியர்கள் அந்நூலுக்கு வரைந்த சிங்கங்களும் நரிகளும் இன்று உலகின் பெரிய நூலகங்களில் உள்ளன. பத்தாம் நூற்றாண்டு பஸராவின் இக்வானுஸ் ஸஃபா அறிஞர்கள், மனிதர்கள்மீது விலங்குகள் ஜின்களின் அரசனிடம் வழக்குத் தொடுப்பதாக ஒரு கதையே எழுதினார்கள். தமிழில் உமறுப் புலவரின் சீறாப்புராணம் இருக்கிறது. வேடனிடம் சிக்கிய மான் தன் கன்றுக்குப் பாலூட்டிவிட்டு வரும்வரை நபியவர்கள் பிணை நின்ற படலத்தைக் கேட்டுக் கண்கலங்கிய பெண்மணிகள் நம் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். மானின் மனத்திற்குள் புகுந்து பார்க்கத் தெரிந்தால்தான் மானுக்காக அழ முடியும். அப்படிப் புகுந்து பார்க்கும் ஆற்றலைத்தான் கற்பனை என்கிறோம்.

மான் படலத்தைச் சொன்னவுடன், அந்நிகழ்வின் அறிவிப்பாளர் வரிசை எத்தகையது என்று சிலர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதிலிருந்தே என் முதன்மையான கருத்துக்கு வருகிறேன்.

நம் வீடுகளில் கதைகளுக்கு இரண்டு அலமாரிகள் வேண்டும். மரத்தால் ஆனவையாக இருக்க வேண்டியதில்லை. பிள்ளையின் மனத்தில் இருந்தால் போதும். ஒன்றில் நடந்தவை இருக்கும்: யூசுஃப் நபி, மூஸா நபி, குகைவாசிகள், யானைப் படை, எறும்பின் பேச்சைக் கேட்டுப் புன்னகைத்த சுலைமான் நபி. மற்றொன்றில் நாம் இட்டுக்கட்டி மகிழ்பவை. சுலைமான் நபியின் எறும்பும் பேசுகிறது, படக்கதையின் எறும்பும் பேசுகிறது; ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. முன்னதை அல்லாஹ் சொல்லியிருக்கிறான். பின்னதை யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். இந்த வேறுபாட்டை மூன்று வயதிலேயே பிள்ளைக்கு உணர்த்தலாம். அதற்குச் சொற்பொழிவு தேவையில்லை. தொடக்க வாசகம் ஒன்று போதும். கற்பனைக் கதை என்றால் "ஒரு ஊர்ல..." என்று தொடங்குங்கள். நபிமார்களின் வரலாறு என்றால் பிஸ்மில்லாஹ் சொல்லி, "இது அல்லாஹ் நமக்குச் சொன்னது" என்று தொடங்குங்கள். சில வாரங்களில் பிள்ளையின் உட்காரும் விதமே மாறுவதைக் காண்பீர்கள். "உம்மா, இது நெசமாவா?" என்று நடுவில் கேட்டால் கதையை நிறுத்திவிட்டு உண்மையைச் சொல்லுங்கள். "நெசமில்ல கண்ணு, கதை" என்று சொன்னபின் எந்தப் பிள்ளையும் புத்தகத்தை மூடச் சொல்வதில்லை. மேலே படி என்றே சொல்லும்.

எனவே, எனக்குக் கவலை தருவது பேசும் முயல் அன்று. நபிமார்களின் வரலாற்றைச் சுவைகூட்ட வேண்டும் என்பதற்காக, சொல்லப்படாத உரையாடல்களையும் நடக்காத சம்பவங்களையும் சேர்த்து அச்சிடும் சில வண்ணப் புத்தகங்களே கவலை தருகின்றன. அட்டையில் இஸ்லாமியப் பெயர் இருப்பதால் அவற்றை ஐயமின்றி வாங்கிவிடுகிறோம். நபியின் பெயரால் வேண்டுமென்றே பொய்யுரைப்பது பற்றிய எச்சரிக்கை எவ்வளவு கடுமையானது என்பதை நாம் அறிவோம். முயல் கதையில் கற்பனை தாராளமாக இருக்கட்டும். நபிமார்களின் கதையில் ஒரு வரி குறைந்தாலும் பாதகமில்லை, ஒரு வரி கூடக் கூடாது.

உயிரினங்களின் உருவப்படம் பற்றிய கருத்து வேறுபாட்டை நான் இங்குத் தீர்த்துவைக்கப் போவதில்லை. பிள்ளைகளின் விளையாட்டுக்கும் கல்விக்கும் உரியவற்றில் அன்னை ஆயிஷாவின் பொம்மைகளைக் காட்டி அனுமதிக்கும் அறிஞர்கள் பலர் உள்ளனர். பேணுதலாகத் தவிர்ப்போரும் உள்ளனர். தவிர்க்கும் குடும்பங்கள் தங்கள் ஆலிமைக் கலந்துகொள்ளட்டும். மரம், கடல், வீடு, மழை, பட்டம், படகு இவற்றை மட்டுமே கொண்டு வரையப்பட்ட அழகிய புத்தகங்களும் கடைகளில் கிடைக்கின்றன. படமே வேண்டாம் என்போர் வாய்க்கதை சொல்லலாம். படத்தைத் தவிர்க்கிறேன் என்று கதையையும் சேர்த்துத் தவிர்த்துவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். அந்த வெற்றிடத்தைச் செல்பேசி நிரப்பிவிடுகிறது. புத்தகத்தின் உருவப்படத்திற்குத் தயங்கும் வீட்டிலேயே மூன்று வயதுப் பிள்ளை கார்ட்டூன் பார்த்தபடி சோறுண்ணும் முரண்பாட்டை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

இனி, எதை வாங்குவது?

முஸ்லிம் பிள்ளைகளுக்கென்று வரும் படப்புத்தகங்களில் பெரும்பகுதி கதை வேடமிட்ட பயான்களாகவே உள்ளன. ஒரு சிறுவன் தவறு செய்கிறான், அத்தா அறிவுரை கூறுகிறார், சிறுவன் திருந்துகிறான், கடைசிப் பக்கத்தில் ஐந்து கேள்விகள். பிள்ளை இதை ஒருமுறை கேட்கும், மறுமுறை கேட்காது. துஆக்களும் ஒழுக்கங்களும் கற்பிக்க நேரடியான நூல்கள் இருக்கின்றன, அவை தேவையானவையும்கூட. கதைப் புத்தகம் கதையாக இருக்க வேண்டும்.

எவ்வாறு இருக்கலாம் என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள் தருகிறேன். சென்னையின் தூலிகா பதிப்பகம் வெளியிட்ட 'இஸ்மத்ஸ் ஈத்' என்ற புத்தகத்தை ஃபவ்ஸியா கிலானி வில்லியம்ஸ் எழுதியிருக்கிறார். காலணி தைக்கும் இஸ்மத் பெருநாளைக்கு வீட்டாருக்கெல்லாம் பரிசு வாங்கிவிட்டுத் தனக்கும் ஒரு கால்சட்டை வாங்குகிறார். அது நீளமாக இருக்கிறது. மனைவியிடமும் தாயிடமும் மகளிடமும் குட்டையாக்கித் தரக் கேட்கிறார். பெருநாள் வேலை நெருக்கடியில் எல்லோரும் கைவிரிக்கிறார்கள். தானே வெட்டித் தைத்துக்கொள்கிறார். பிறகு மூவருக்கும் மனம் கேட்காமல், ஒருவருக்கு ஒருவர் தெரியாமல், ஆளுக்கொரு முறை வெட்டித் தைத்துவைக்கிறார்கள். பெருநாள் காலையில் அந்தக் கால்சட்டை எப்படி இருந்திருக்கும்! பெருநாள் முந்தைய இரவின் பரபரப்பு, மாவு பிசையும் கை, மருதாணி வாசம், ஒருவர்மீது ஒருவர் வைத்த அன்பு எல்லாம் அதில் இருக்கின்றன. பாடம் என்று ஒன்றும் எழுதப்படவில்லை. மூன்றாவது முறை கத்தரிக்கோல் எடுக்கப்படும் பக்கம் வரும்போது பிள்ளைகள் "வேண்டாம், வேண்டாம்" என்று கத்துவார்கள். அந்தக் கத்தலுக்காகவே அதை வாங்கலாம்.

ஜமீலா தாம்ப்கின்ஸ் பிகெலோ எழுதி 2018இல் அமெரிக்காவில் வெளியான 'மாமீஸ் கிமார்' மற்றொன்று. தாயின் மஞ்சள் நிறத் தலைத்துணியைப் போர்த்திக்கொள்ளும் ஒரு சிறுமி அரசியாகிறாள், தம்பியைச் சிறகுக்குள் அணைக்கும் தாய்ப்பறவையாகிறாள், பறக்கும் வீராங்கனையாகிறாள். முஸ்லிமல்லாத பாட்டி வீட்டுக்கு வருகிறார். பாசத்தில் ஒரு குறையும் இல்லை. ஹிஜாபைப் பற்றி நாம் நடத்தும் நூறு வாதங்களைவிட, அம்மாவின் துணியில் அம்மாவின் வாசம் இருக்கிறது என்ற அந்தச் சிறுமியின் உணர்வு பிள்ளையின் நெஞ்சில் ஆழப் பதியும். நம் வீட்டுப் பெண் குழந்தைகளும் உம்மாவின் தொழுகைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஓடுகிறவர்கள்தாமே.

முஸ்லிம் பெயர் இல்லாத புத்தகங்களையும் ஒதுக்க வேண்டியதில்லை. மோரிஸ் செண்டாக்கின் 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' 1963இல் வெளிவந்தது. இன்றும் உலகெங்கும் வாசிக்கப்படுகிறது. ஓநாய் உடுப்பில் அட்டகாசம் செய்யும் மாக்ஸ் தாயை எதிர்த்துப் பேசுகிறான். சாப்பாடில்லாமல் அறைக்கு அனுப்பப்படுகிறான். அறையில் காடு முளைக்கிறது. கடல் கடந்து பூதாகரமான விலங்குகளின் நாட்டுக்குப் போய் அவற்றிற்கே அரசனாகிறான். பிறகு தனிமை வாட்டுகிறது. திரும்பி வந்தால் அறையில் உணவு காத்திருக்கிறது, சூடு ஆறாமல். தாயை எதிர்த்துப் பேசும் பையனின் கதை நம் பிள்ளைக்கு எதற்கு என்று ஒதுக்கும் பெற்றோரின் நியாயம் எனக்குப் புரிகிறது. எனினும் நான் உடன்படவில்லை. பெற்றோரை நோக்கிச் "சீ" என்றும் சொல்லலாகாது என்று கற்பிக்கும் மார்க்கம் நம்முடையது. ஆனால், மூன்று வயதில் பிள்ளைக்குக் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபம் எங்கே போவது, போய் எப்படித் திரும்புவது என்பதை அப்புத்தகம் காட்டுகிறது. தவறு செய்தவன் திரும்பி வரும்போது கதவு திறந்திருக்கும், உணவு சூடாக இருக்கும் என்பதைவிடத் தவ்பாவின் வாசலுக்கு நெருக்கமான படிமம் ஒரு சிறு பிள்ளைக்கு வேறென்ன இருக்கிறது?

தவிர்க்க வேண்டியவையும் உள்ளன. வெள்ளை நிறமே அழகு என்றும் கருமையும் பருமனும் கேலிக்குரியன என்றும் சித்திரிப்பவற்றைத் தயங்காமல் திருப்பி வைத்துவிடுங்கள். குறி கேட்டும் மந்திரித்தும் காரியம் சாதிப்பதைப் போற்றுபவையும் நமக்கு வேண்டாம். மாயக் கம்பளம் பறப்பது ஒரு விளையாட்டு. மந்திரவாதியிடம் தாயத்து வாங்கினால் கவலை தீரும் என்பது ஒரு கொள்கை. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பவர்கள் கம்பளத்தைத் தடுத்துவிட்டு, வீட்டுக் கழுத்துகளில் தொங்கும் தாயத்தை மறந்துவிடுகிறார்கள்.

வாங்குமுன் கடையிலேயே இரண்டு பக்கங்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாக்கு தடுக்கினால் வேண்டாம். தமிழாக்கங்களில் பல ஆங்கில வாக்கியத்தின் எலும்புக்கூட்டின்மேல் தமிழ்ச் சொற்களைப் போர்த்தியவை. மௌனமாகப் படிக்கும்போது தெரியாத குறை, உரக்கப் படித்தால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். நல்ல கதை கிடைத்து மொழி மட்டும் முரண்டு பிடித்தால் உங்கள் வீட்டுத் தமிழில் மாற்றிப் படியுங்கள். புத்தகத்தில் "அப்பா" என்றிருந்தால் வாப்பா என்றோ அத்தா என்றோ படிக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். பாட்டி நன்னியாகலாம், கண்ணும்மாவாகலாம். பக்கத்தைப் புரட்டுமுன் ஒரு கணம் நிறுத்துங்கள். எழுத்தறியாப் பிள்ளை அந்த ஒரு கணத்தில் படத்தை வாசிக்கிறது. நாம் கவனிக்காத எறும்பையும் ஓரத்தில் ஒளிந்த பூனையையும் அதுதான் முதலில் காணும். ஒரே புத்தகத்தை இருபது இரவு கேட்டால் இருபது இரவும் படியுங்கள்.

மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட வேளை நம் வீடுகளில் குர்ஆனுக்குரியது. அது அப்படியே இருக்கட்டும். கதைக்கு இஷாவுக்குப் பிறகு கால் மணி நேரம் போதும். இஷாவுக்குப் பின் வீண்பேச்சு வெறுக்கப்பட்டதல்லவா என்று நினைப்போர், குடும்பத்தாரோடும் விருந்தினரோடும் இரவில் உரையாடுவதற்கென்று இமாம் புகாரி தனித் தலைப்பே இட்டிருப்பதை நினைவுகூரலாம்.

கடல் கடந்திருக்கும் தந்தையரைப் பற்றி ஒரு சொல். காணொலி அழைப்பில் பிள்ளையிடம் "சாப்பிட்டியா, ஓதினியா" என்ற இரண்டு கேள்விகளுக்குப் பின் பேச ஒன்றும் இல்லாமல் போவது பலருக்கும் உள்ள துயரம். எனக்குத் தெரிந்த ஒரு சகோதரர் அதற்கு ஒரு வழி கண்டார். விடுப்பில் வரும்போது ஒவ்வொரு புத்தகத்திலும் இரண்டு பிரதி வாங்குகிறார். ஒன்று வீட்டில், ஒன்று துபாய் அறையில். நம் இரவு எட்டரை அங்கே ஏழு மணி. அவர் அங்கிருந்து படிக்க, மகள் இங்கே தன் பிரதியில் பக்கம் புரட்டுகிறாள். அவர் ஒரு வரியைத் தவறவிட்டால் அவள் பிடித்துவிடுகிறாள். ரியாதிலும் ஜித்தாவிலும் இருப்போருக்கு அது மாலை ஆறு மணி. வேலை நேரம் இடிக்கலாம். வெள்ளிக்கிழமை ஒரு நாளாவது முடியும்.

விலை ஒரு தடைதான், மறுப்பதற்கில்லை. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் ஏராளமான தமிழ்ப் படக்கதைகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றை அச்சிட்டுத் தைத்தும் கொள்ளலாம். நேஷனல் புக் டிரஸ்ட்டின் சிறுவர் நூல்கள் மலிவானவை. சென்னை கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023இல் திறக்கப்பட்ட மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே பெரிய பகுதிகள் உள்ளன. நம் ஊர்களில் சிறு பிள்ளைகள் நாள்தோறும் கூடும் இடம் மக்தப். ஜமாஅத் நிர்வாகிகள் மனம் வைத்தால் ஓதும் அறையின் மூலையில் ஒரு தட்டு, அதில் முப்பது புத்தகங்கள், வாரத்திற்கு ஒன்று வீட்டுக்கு எடுத்துச் செல்ல ஒரு பதிவேடு என்று தொடங்குவதற்கு ஒரு நிக்காஹ் பந்தலின் மின்விளக்குச் செலவுகூட ஆகாது. புத்தகம் கிழியும், சோற்றுக்கை படும், சில திரும்பி வராது. அதையும் கணக்கில் சேர்த்தே முப்பது என்றேன்.